மூன்றாவது டப்பாவில் விழுந்த காய்கள்

காலை எட்டரை மணிக்குக் குத்புதீன் ராவுத்தர் மூன்றாவது தகர டப்பாவின் தலையை உளியால் பெயர்த்தார். எட்டே முக்காலுக்குச் சோணையைத் திருடன் என்றார். இடையில் அவர் செய்ததெல்லாம் ஏலக்காய்களை எண்ணியதுதான். அவருக்கு எண்ண வந்த அளவுக்கு யோசிக்க வராது என்பது கருத்தம்மாளின் நெடுநாளைய அபிப்பிராயம்.

கருத்தம்மாள் அந்தக் கடையின் பின்கொட்டகையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இருபது பெண்களுக்குத் தலைவி. கூச்சல் கேட்டு முன்கடைக்கு வந்தாள். தரையில் மூன்று குவியல்கள். ஓரத்தில் சோணை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

விவகாரம் இதுதான். 1912-ஆம் வருஷம் போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய் விற்காதவன் பாவம் செய்தவன். ராவுத்தர் அதோடு நிற்காமல் தலைவலிக்கு ஏலத் தைலம் என்று ஒன்றைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்தார். அதை ஊரறியச் செய்ய மூன்று பேர். சோணை போடிச் சந்தையிலும் தேவாரத்துத் தெருக்களிலும் தமுக்கடித்துக் கூவினான். ராவுத்தர் மனைவியின் தம்பி சவுகத் அலி, போடிமெட்டு ஏற்றம் தொடங்கும் முந்தல் என்ற அடிவார ஊரில் கிராமபோனைப் பாடவிட்டு, மலையேறும் கூலிக்காரர்களின் நெற்றியில் ஓசித் தைலம் தடவினான். மூன்றாவது ஆள் மதுரையிலிருந்து வந்த மிஸ்டர் வேல். கோட்டுப் போட்டவர். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் படம் போட்டு நோட்டீசு அச்சடித்து, வீடு வீடாகக் கொடுத்தார்.

விற்பதெல்லாம் தன்னால்தான் என்று மூவரும் சொன்னார்கள். மூன்றில் ஒன்று போதும், மற்ற இரண்டும் தண்டம் என்று ராவுத்தருக்குத் தோன்றிவிட்டது. எது என்று அளந்து பார்க்க வேண்டுமே! ஈயம் வைத்து மூடி, மேலே காய் நுழையும் அளவுக்குக் கீறல் விட்ட மூன்று டப்பாக்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். புட்டி வாங்க வருகிறவரிடம், "எதைக் கேட்டு வந்தே?" என்று ஒரே கேள்வி. தமுக்கு என்றால் தமுக்கு டப்பாவில் ஒரு காய். பாட்டு என்றால் பாட்டு டப்பாவில் ஒன்று. நல்ல காயைப் போட மனசு வருமா அவருக்கு? வாய் வெடித்து, காம்புகூடக் கிள்ளாமல் கழித்துப் போட்ட காய்களை ஒரு சாக்கில் கட்டிக் கல்லாவோரம் வைத்து, அதிலிருந்துதான் போட்டார். நாற்பது நாள் கழித்து எந்த டப்பா கனக்கிறதோ அந்த ஆள் இருப்பான். மற்ற இருவரும் மூட்டை கட்ட வேண்டியது.

"விற்ற புட்டியைவிடக் காய் கூடுதலா இருந்தா, கள்ளக்காய் விழுந்த டப்பாவைத் தள்ளிடணும் மொதலாளி," என்று யோசனை சொன்னது மிஸ்டர் வேல். மதுரை மூளை மதுரை மூளைதான் என்று ராவுத்தர் மெச்சிக்கொண்டார்.

இன்று நாற்பதாம் நாள். விற்ற புட்டி நானூற்றுப் பன்னிரண்டு. பாட்டு டப்பாவில் தொண்ணூற்றேழு காய், நோட்டீசு டப்பாவில் நூற்று நான்கு. தமுக்கு டப்பாவில் முந்நூற்று அறுபத்தொன்று! கூட்டினால் நூற்றைம்பது காய் அதிகம். மற்ற இரண்டு டப்பாக்களில் எதிலும் நூற்றைம்பது காய்கூடக் கிடையாது. கள்ளக்காய் விழுந்தது தமுக்கு டப்பாவில்தான் என்பதை ராவுத்தரே கண்டுபிடித்துவிட்டார். அதற்குமேல் அவருடைய மூளை ஓடவில்லை.

"ஏட்டுக்கு ஆள் அனுப்பியாச்சு," என்றார். "தேவாரம் போயிருக்காராம். பன்னெண்டுக்கு வந்துருவாரு."

"மொதலாளி, நான் ஒரு காய் தொடலங்க," என்றான் சோணை. அவனுடைய சொத்து ஒரு தமுக்கும் ஒரு தொண்டையும்தான். ஐம்பது வயதில் திருடன் என்று பெயர் விழுந்தால், அந்தத் தொண்டையை நம்பி எந்த வியாபாரி சரக்கைக் கூவச் சொல்வான்? கம்பி எண்ணுவதைவிட அந்தப் பயம்தான் அவனை உலுக்கியது. அதற்குள் கடைத்தெருவில் பேச்சுப் பரவிவிட்டது. எதிர்க்கடைக்காரன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

கருத்தம்மாள் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"உனக்கென்ன சோலி இங்கே?" என்றார் ராவுத்தர்.

"பன்னெண்டு மணி வரைக்கும் எனக்கு இதுதான் சோலி மொதலாளி. வேணாம்னா சொல்லுங்க, எழுந்திரிச்சுப் போயிர்றேன். எம் பொம்பளைகளும் எழுந்திரிச்சுப் போயிருவாக. சாயங்காலம் வண்டி ஏத்த வேண்டிய காயை நீங்களும் மிஸ்டர் வேலும் உக்காந்து பொறுக்குங்க."

ராவுத்தர் குவியலைவிட்டு விலகி வழிவிட்டார். சில சமயம் அவருக்கும் நல்ல புத்தி வருவதுண்டு.

மணி ஒன்பதேகால். கருத்தம்மாள் தமுக்குக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரு நுனியையும் பார்த்து, இரண்டாகப் பிரித்தாள். கை மின்னலாக ஓடியது. எதை வைத்துப் பிரிக்கிறாள் என்று சுற்றி நின்ற ஆண்கள் யாருக்கும் விளங்கவில்லை. நாற்பது நாளாக ஏலக்காயை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் ஏலக்காயைப் பார்த்ததே இல்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் இருநூற்றுப் பதின்மூன்று. மறுபக்கம் நூற்று நாற்பத்தெட்டு.

"நூத்தம்பதுக்கு ரெண்டு குறையுது. போகட்டும்," என்று எழுந்தாள். ஒரு தட்டில் கழிவுச் சாக்கிலிருந்து ஒரு கை காயை அள்ளி வைத்தாள். "ஒவ்வொருத்தரா வாங்க. தொண்டை காஞ்சிருக்கும், ஆளுக்கொரு காய் வாயில போட்டுக்கிட்டுப் பேசுங்க."

ஒன்பதரை. முதலில் சோணை.

"கடைக்கு எப்பண்ணே வருவீக?"

"வெள்ளிக்கெழமை மட்டுந்தான் ஆத்தா. கூலி வாங்க."

"உள்ள வருவீகளா?"

"படியோட சரி. உள்ள விட மாட்டாக."

"கூடுதலாக் காய் விழுந்தா டப்பாவைத் தள்ளிருவாகன்னு தெரியுமா?"

"இன்னைக்குத்தான் சொன்னாக."

தட்டிலிருந்து எடுத்த காயை அவன் தின்னவில்லை. மகளுக்கென்று துண்டு முனையில் முடிந்துகொண்டான்.

ஒன்பதே முக்கால். சவுகத் அலி. இருபத்து நான்கு வயது. அக்காள் வீட்டுச் சோற்றில் தேறிய உடம்பு.

"சோணை போனா ஒனக்கு நல்லதுதானே தம்பி?"

"நல்லதுதான். நான் என்ன, பொய் சொல்லவா?" காயை அப்படியே கடவாயில் வைத்துக் கடித்துத் தோலைத் துப்பினான். "ஆனா சோணை போனாலும் எனக்குக் கெடைக்காது. என் டப்பாதான் கடைசி. அந்தப் பாட்டுப் பெட்டியைக் கேக்க வர்றவன் பாட்டைக் கேட்டுட்டுப் போயிர்றான்."

"கடைக்கு எப்ப வருவே?"

"எங்கே வர? விடிஞ்சா முந்தல், அடைஞ்சா வீடு. மச்சானையே கேளுங்க."

மச்சான் தலையாட்டினார்.

பத்து மணி. மிஸ்டர் வேல் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். காய் பொறுக்குகிற பெண்பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நீங்க எந்த ஊரு?"

"மதுரை. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இந்தக் காடுமேடெல்லாம் எனக்குப் புதுசு."

"ஏலக்காய்ச் சோலி பழக்கமா?"

"நானா?" சிரித்தார். "பாயாசத்தில் மிதந்தால் தெரியும். அவ்வளவுதான்." தட்டிலிருந்து ஒரு காயை இரண்டு விரலால் எடுத்தார். கட்டைவிரல் நகம் லேசாக அசைந்தது. காயை வாயில் போட்டுக்கொண்டு, விரலில் ஒட்டிய துரும்பைத் தட்டிவிட்டார். "இது அளவு முறை அம்மா, உனக்குப் புரியாது. யார் பலன் தருகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் சாஸ்திரம்."

"மொதலாளி தொழுகைக்குப் போற நேரம் கல்லாவுல யாரு இருப்பா?"

"சில நாள் நான் பார்த்துக்கொள்வேன். எப்போதாவது."

"தெனமும்," என்றார் ராவுத்தர். "நல்ல பிள்ளை."

கருத்தம்மாள் அந்த நல்ல பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரான் ஒருவன் வயிற்றில் அடித்துவிட்டு நாற்காலியைத் துடைத்து உட்காருகிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஏட்டு வெள்ளைத்துரை வந்தார். வெயிலில் வந்த கோபம், எவனையாவது பிடித்தால்தான் தீரும் என்று முகத்தில் இருந்தது.

"யாருடா சோணை?"

"அவரு இருக்கட்டும் ஐயா," என்றாள் கருத்தம்மாள். "இந்த டப்பாவுக்குள்ள போடத்தான் முடியும், எடுக்க முடியாது. அடுத்தவன் டப்பாவைக் குறைக்கணும்னு ஒருத்தன் நெனச்சா, என்ன செய்வான்?"

ஏட்டு காலி டப்பா ஒன்றைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அதுலயே இன்னும் போடுவான். கூடிப்போச்சுன்னா டப்பாவையே தள்ளிருவாகல்ல? சோணை அண்ணனுக்கு உள்ளபடியே இருநூத்துக்கு மேல இருக்கு. செயிச்ச ஆளு எதுக்குக் கள்ளக்காய் போடணும்? தோக்கப் போறவன் போட்டது இது. அந்தச் சட்டத்தைச் சொன்னது யாரு மொதலாளி?"

எல்லாருடைய கண்ணும் கோட்டின் மேல் போயிற்று.

"உளறல்!" என்றார் மிஸ்டர் வேல். "சவுகத்தும் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். அதுக்குத்தான் காயைப் பாத்தேன்." இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொரு காயை எடுத்து ஏட்டின் உள்ளங்கையில் வைத்தாள். "இது மொதலாளி போட்டது. சாக்குல கெடந்தபடியே காம்போட இருக்கு. கழிச்ச காய்க்கு யாரு காம்பு கிள்ளுவா? இது கள்ளக்காய். அதே சாக்குக் காய்தான், ஆனா காம்பு இல்ல. நகத்தால கிள்ளியிருக்கு. இப்படி நூத்து நாப்பத்தெட்டு. ரெண்டு காயிலதான் அவன் கை மறந்திருக்கு."

"எதற்காகக் கிள்ள வேண்டும்?" என்றார் ஏட்டு.

"வேணும்னு கிள்ளல ஐயா. அஞ்சு வயசுல இருந்து கொட்டகையில உக்காந்து காய் பொறுக்குனவன் கையில ஒரு காயைக் குடுங்க. தூக்கத்துல குடுத்தாலும் காம்பைக் கிள்ளிட்டுத்தான் கீழ வைப்பான். சோணை அண்ணன் முடிஞ்சு வச்சாரு. சவுகத்துத் தம்பி முழுசாக் கடிச்சுச்சு. பாயாசத்துல மட்டும் காயைப் பாத்த இந்தத் தொரை என்ன செஞ்சாரு? கீழ குனிஞ்சு பாருங்க."

நாற்காலிக் காலடியில் ஒரு காம்புத் துரும்பு கிடந்தது.

"கோட்டுப் பையையும் திருப்பிப் பாருங்க. சாக்குல அள்ளுன காயைப் பையில வச்சுக்கிட்டு, யாரும் பாக்காதப்ப ஒண்ணொண்ணாத்தானே போட்டிருப்பாரு?"

மிஸ்டர் வேல் துள்ளி எழுந்தார். ஏட்டு ஒரே பிடியில் பையை வெளியே இழுத்தார். தரையில் சுள்ளி சுள்ளியாகக் காம்புத்தூள் கொட்டியது. ஏட்டின் கை ஓங்கியது.

"அடிக்காதீக சாமி! எம்புள்ள சுருளிங்க!"

கொட்டகை வாசலில் ஆயம்மாள் நின்றாள். முப்பது வருஷமாக அந்தக் கடையில் காய் பொறுக்குகிறவள். பத்து வயதில் மதுரைக்குப் பிழைக்கப்போன மகன் செத்துப்போய்விட்டான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தவள். ஆறு மாதமாக அவன் கோட்டுப் போட்டு முன்கடையில் உட்கார்ந்திருப்பதை, கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

"யார் இந்தக் கிழவி?" என்றான் அவன். "எனக்குத் தெரியாது."

கொட்டகையில் இருந்த பெண்கள் கிள்ளுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஆத்தாளைத் தெரியாதுன்னுட்டேல்ல?" என்றாள் கருத்தம்மாள். "ஒன் கையைத் தெரியாதுன்னு சொல்ல முடியலையே, சீ! கூட்டிட்டுப் போங்க ஐயா. ஆயம்மா, நீ உள்ள போ. இவனுக்கு நீ அழுவாதே."

ஆயம்மாள் அழத்தான் செய்தாள். கருத்தம்மாளுக்கு அதுதான் அன்று ஆறாத கோபம்.

ஒரு மணிக்கு ராவுத்தர் சோணையிடம் வந்து, "சரி, போய்ச் சோலியைப் பாரு. நீதான் செயிச்சே. மத்த ரெண்டையும் நிறுத்திர்றேன்," என்றார். பெரிய தயவு செய்கிற பாவனை.

சோணை நகரவில்லை. "எப்படிங்க போக? கடைத்தெருவே என்னையத் திருடன்னு சொல்லுது. அதை யாரு மாத்துவா?"

"நீயே தமுக்கடிச்சுச் சொல்லேன்."

"அவரே அவரை நல்லவருன்னு கூவணுமா?" என்றாள் கருத்தம்மாள். "சொன்னது உங்க வாயி. அவரு தமுக்கடிப்பாரு, நீங்க கூவுங்க. நோட்டீசுலயும் போடுங்க. முந்தல்ல பாட்டு முடிஞ்சு கூட்டம் கலையுமுன்னே சவுகத்துத் தம்பி சொல்லட்டும். ஒண்ணு போதும்னு நெனைக்காதீக. போன வாரம் தேவாரத்துப் பேச்சி வந்தாளே, தமுக்கைக் கேட்டா, நோட்டீசுல படத்தைப் பாத்தா, முந்தல்ல தைலத்தைத் தடவிப் பாத்தா, அப்புறந்தான் காசை அவுத்தா. மூணுக்கும் சேத்து நீங்க ஒரே காயைப் போட்டீக! உங்க அளவுமுறையை ஒடப்புல போடுங்க."

ராவுத்தர் கொட்டகையைப் பார்த்தார். இருபது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வண்டி வாசலில் நின்றது.

அடுத்த சந்தையன்று போடி ஒரு வேடிக்கை பார்த்தது. சோணை நிமிர்ந்து நடந்து தமுக்கடிக்க, பின்னால் ராவுத்தர் வியர்த்து வழிந்து, "சோணை திருடன் இல்லை! தப்புச் சொன்னது நான்தான்!" என்று கூவிக்கொண்டு போனார். தெருமுனைக்குத் தெருமுனை நோட்டீசு. முந்தலில் பாட்டுக்குப் பாட்டு சவுகத் அலி அதையே சொன்னான். இத்தனை ரகளை எதற்கென்று பார்க்க வந்தவர்கள் கையோடு தைலமும் வாங்கினார்கள். அந்த ஒரு வாரத்தில் முந்நூறு புட்டி போயிற்று.

சனிக்கிழமை காலை ராவுத்தர் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு ஏலக்காய். முகத்தில் பழைய யோசனை.

"கருத்தம்மா, இந்த முந்நூறும் எதனால வந்துச்சு? தமுக்கா, நோட்டீசா, பாட்டா, இல்ல நான் கூவுனதா? இந்தக் காயை எந்த டப்பாவுல போடறது?"

கருத்தம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க வாயில போட்டுக்கங்க மொதலாளி. காம்பைக் கிள்ள மறந்துராதீக."