உள் கம்பிக்கதவு

நாய்கள் இரண்டும் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

டெசாங்கா சமையலறை ஜன்னல் வழியாக மறுபடியும் பார்த்தாள். செர்பியாவிலிருந்து சுரங்க ஊரான கிட்வேக்கு வந்த இத்தனை வருஷத்தில், பொழுது சாய்ந்தால் அவை வாசல் இரும்புக்கதவின் அடியில் மூக்கை நுழைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும். இன்று தெருவுக்கு முதுகைக் காட்டி, படுக்கையறைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி, வாலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தன. அடுப்பில் கோஸ் இலையில் பொதிந்த இறைச்சி புளித்த வாடையோடு வெந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் யாரோ கரி மூட்டும் புகை. அதற்கும் அடியில் இன்னொரு வாடை, ஈரத் துணியோடு மூடி வைத்த பெட்டியைத் திறந்ததுபோல.

"உங்க கோஸ் வாடைக்குத்தான் ரெண்டும் மலைச்சுப்போய் உக்காந்திருக்கு, நேடாம்மா," என்றாள் வேலைக்காரி புவால்யா, கழுவிய தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே. பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வழக்கமில்லை.

"நீ மட்டும் போன தடவை சட்டியையே வழிச்சுத் தின்னியே?"

"பசிக்குத் தின்னேன். ருசிக்கா தின்னேன்?"

ஜன்னலுக்கு வெளியே காவலாளி முவான்சா சிரித்தான். "நாய்ங்க வேலைநிறுத்தம் மேடம். இன்னைக்கு நான்தான் குரைக்கணும்."

புவால்யா உள் கம்பிக்கதவின் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லையில் இருந்த தன் அறைக்குப் போனாள். டெசாங்காவின் கணவன் வுக்காஷின் சுரங்கத்தில் இருந்தான், விடிந்துதான் வருவான். மகள் நேடா கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நான்கு வயது.

கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவே, தரையிலிருந்து கூரைவரை, உள் கம்பிக்கதவு. வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் வீடுகளில் அது கட்டாயம் இருக்கும். குடிவந்த அன்றே காவல் நிறுவனத்துக்காரன் ஒருவன் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போனான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடு. கதவை இழு. பூட்டை அமுக்கு, பூட்டச் சாவி வேண்டாம், திறக்கத்தான் வேண்டும். சுவரில் சிவப்புப் பொத்தானை அழுத்து. காவல் வண்டி வரும்வரை திறக்காதே.

"வேலைக்காரி கழுத்துல கத்திய வெச்சு அவளையே கூப்பிட வைப்பாங்க மேடம். அழுவா. கெஞ்சுவா. அந்த நேரத்துல அவ உங்க ஆள் இல்ல."

அடுத்த தெருவில் ஒருத்தி திறந்திருக்கிறாள். அவளையும் அவள் மகனையும் எந்த நிலையில் கண்டெடுத்தார்கள் என்பதை வுக்காஷின் பாதிவரைதான் சொன்னான்.

கரண்ட் போனது. தினமும் போவதுதான். டெசாங்கா தீப்பெட்டியைத் துழாவினாள். குளிர்பெட்டியின் முனகல் அடங்கிய பிறகுதான் வெளியே நாய்கள் உறுமுவது கேட்டது. குரைப்பில்லை, அடித்தொண்டையிலிருந்து நிற்காமல் வரும் உறுமல், அது சுவரையே ஒட்டி நகர்ந்து படுக்கையறைகளின் பின்பக்கம் போய், குளியலறை ஜன்னலுக்குக் கீழே நின்றது.

ஒரு நாய் பாய்ந்தது. ஒரு அலறல், பாதியில் அறுந்தது. ஏதோ கனமாகச் சுவரில் மோதி, ஈரமாக விழுந்தது. மற்ற நாய் ஓடுவது கேட்டது.

முவான்சா கத்தினான். அவன் மொழியில். யாரை, எதை என்று அவளுக்குப் புரியாத கத்தல்.

அவள் நேடாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். கதவை இழுத்தாள். பூட்டை அமுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். படுக்கைக்கு அடியிலிருந்து வுக்காஷினின் வெட்டுக்கத்தியை எடுத்து வந்து, கம்பிகளுக்கு நேராக நின்றாள்.

சமையலறைக் கதவின் கண்ணாடி உடைந்தது.

"நேடாம்மா!" புவால்யா. மூச்சிரைப்பு. "தொறங்க! புள்ளையத் தூக்கிட்டு வெளிய வாங்க!"

"உன்கூட யாரு?"

"முவான்சா மட்டுந்தான். வாங்க!"

"யாரு உன்னப் பேச வைக்கிறா?"

"ஐயோ, யாருமில்ல! அது உள்ள வந்துருச்சு. குளியலறை ஜன்னல் வழியா. முவான்சா கண்ணால பார்த்தான்."

"அதுல கம்பி இருக்கு."

"இருக்கு நேடாம்மா. கம்பி அப்படியேதான் இருக்கு."

டார்ச் வெளிச்சம் கூடத்தைக் கடந்து வந்தது. முவான்சா. வெளிச்சம் டெசாங்காவின் முகத்தில் நிற்கவில்லை. அவள் தோளுக்கு மேலே போனது. நடைவழியின் கோடியில் நின்றது.

"மேடம்," என்றான் முவான்சா, மிகத் தாழ்ந்த குரலில். "திரும்பாதீங்க. அப்படியே வாங்க."

டார்ச் அவன் கையிலிருந்து விழுந்தது. அவன் ஓடினான். வாசல் கதவைத் திறக்கும் சத்தம்.

திரும்ப வைக்கப் பார்க்கிறார்கள், என்று நினைத்தாள். திரும்பினால் பூட்டை உடைப்பார்கள். ஆள் பின்னால் இல்லை. முன்னால்தான். அழுவா. கெஞ்சுவா.

"கிட்ட வராத, புவால்யா."

"சாவி எடுத்தாந்திருக்கேன். நானே தொறக்கிறேன். கத்திய இறக்குங்க."

"வராத!"

"நேடாவ நான் வளர்த்தேன்மா."

கம்பிகளின் இடுக்கில் ஒரு கை வந்தது. பூட்டைத் தேடியது.

அவள் வெட்டினாள்.

கத்தி இரும்பில் பட்டுத் தெறித்தது. மறுபடி வெட்டினாள். இம்முறை இரும்பில் படவில்லை. சூடாக ஏதோ அவள் வாயில் தெறித்தது. சாவி அந்தப் பக்கம் விழுந்து, தரையில் வழுக்கிக்கொண்டு எட்டாத தூரம் போனது. இந்தப் பக்கம் விரல்கள்.

புவால்யா மணிக்கட்டை மார்போடு அழுத்திக்கொண்டு முழங்காலில் சரிந்தாள். தரையில் கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. கழுத்தில் கத்தி இல்லை. பின்னால் யாரும் இல்லை. கூடம் காலி.

அவள் தன் கையைப் பார்க்கவில்லை. டெசாங்காவையும் பார்க்கவில்லை.

ஈரத் துணி வாடை. மிக அருகில்.

டெசாங்கா கம்பியை உலுக்கினாள். பூட்டு ஆடியது. கத்தியால் பூட்டை அடித்தாள். பொறி பறந்தது. பூட்டு திறக்கவில்லை.

"அம்மா," என்றாள் நேடா அவள் காதுக்குள். தோள்மேல் தாடையை வைத்துப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் பயமில்லை.

"பார்க்காதே. கண்ண மூடு."

"தூக்கட்டுமான்னு கேக்குதும்மா."

"வேண்டாம்னு சொல்லு."

நேடா யோசித்தாள். டெசாங்காவின் கழுத்தைச் சுற்றியிருந்த சிறு கைகள் இளகின. ஒன்று. பிறகு மற்றொன்று. கம்பிக்கு அந்தப் பக்கம் புவால்யா கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் வாங்கிக்கொள்வதுபோல, மெல்ல, டெசாங்காவின் இடுப்பில் இருந்த கனம் மேலே எழும்பியது.