‘சாப்பிட்டியா?’ என்று கேட்டவர்கள்

ஆறு மணிக்கு எழுந்தாள். முகம் கழுவினாள். கடைவாய்ப் பக்கம் பிரஷ் படாமல் பல் தேய்த்தாள். அடுத்தது, தினமும் போடும் வலிப்பு மாத்திரை. அப்பா குறுக்கே கையை நீட்டினார்.

“எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல, சுண்டெலி?”

“அது சாப்பாடுப்பா. இது மாத்திரை.”

“மாத்திரையையும் ‘சாப்பிடு’ன்னுதானே சொல்றோம்?”

“நான் ‘போடு’ன்னுதான் சொல்வேன்!”

அப்பா மசியவில்லை. அவளைத் தூங்க வைத்துத்தான் பல்லில் கை வைப்பார்களாம். போன மாதம் ஒரு வாய் பால் குடித்துவிட்டாள் என்று, மயக்க மருந்து தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று சொத்தைப் பற்களும் அவள் உயிரை வாங்குகின்றன.

சுண்டெலி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் கேட்டார். “சாப்பிட்டியா பாப்பா?”

“இல்ல.”

எடை பார்த்த நர்ஸ் அக்கா கேட்டார். “சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

பல் டாக்டரும் கேட்டார்.

“இல்லைன்னு எழுதிக் கழுத்துல மாட்டிக்கட்டுமா?”

கடைசியாக மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். “ஏதாவது சாப்…”

“சாப்பிடல! சாப்பிடவே இல்ல! மாத்திரை போட்டியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. “போடலையா? அதை நிறுத்தினா வலிப்பு வந்துடுமே, சார்!”

“எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே…” போன முறை எழுதிக் கொடுத்திருந்த சீட்டை அப்பா நீட்டினார்.

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். “மாத்திரையைப் பத்தி எழுதவே இல்லையே. எங்க தப்புதான்.”

“அப்போ இன்னிக்கும் கிடையாதா?” அப்பா கேட்டார்.

சுண்டெலி காகிதத்தைப் பிரித்தாள்.

டாக்டரம்மா மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். “இதேதான்! ஒரே ஒரு வாய் தண்ணியில போட்டுக்கோ. கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிக்கலாம். இன்னிக்கு நீ டாக்டர், நான் கம்பவுண்டர்!”

அன்று மாலையே, பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்பினாள். மயங்குவதற்கு முன் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

அப்பாவுக்கு நினைவிருக்கிறது. அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவளைப் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். மூன்றில் நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“நீ சாப்பிட்டியாப்பா?”