வெள்ளக்கணியன் வைத்த புள்ளி

அலைநகரில் முதல் மாடியில் குடியிருந்தவர்கள் எல்லாம் இப்போது தரைத்தளத்துக்காரர்கள். அவர்கள் வீடு மாறவில்லை. தெரு ஏறி வந்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்தவர்களைப் பற்றி மாநகராட்சி பேசுவதில்லை.

எல்லாம் வெள்ளக்கணியன் வந்த பிறகு. பழைய மழைக் கணக்கு, கடல் ஏற்றம், சாக்கடைச் சரிவு அத்தனையையும் தின்று கற்றுக்கொண்ட பொறி அது. ஐப்பசியில் மூழ்கப்போகும் தெருவுக்குச் சித்திரையிலேயே வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துவிடும். உடனே அந்தத் தெருவின் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தார் கொட்டுவார்கள். புள்ளி மறையும். தலைமைப் பொறியாளர் அருள்பிரகாசத்தின் நெஞ்சு நிமிரும்.

ஆடியில் அமைச்சர் வந்து 'சிவப்பில்லா நகரம்' என்று அறிவிக்க வேண்டும். அது அருள்பிரகாசம் கொடுத்த வாக்கு. மிச்சம் ஒரே புள்ளி. ஆனால் அது ஓரிடத்தில் நிற்க மறுத்தது. மீன்சந்தைத் தெருவை உயர்த்தினால் மணிக்கூண்டுத் தெருவில் போய் உட்கார்ந்தது. அங்கே உயர்த்தினால் பாத்திரக்காரர் தெருவுக்கு ஓடியது.

"கணியனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சாம்மா?" என்று உதவிப் பொறியாளர் ஷாகிதாவிடம் கேட்டார் அருள்பிரகாசம்.

"அது தெளிவாத்தான் சார் இருக்கு. நாமதான் தண்ணியைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டுட்டே இருக்கோம்."

"இப்ப எங்க நிக்குது?"

"கோவிச்சுக்கக் கூடாது. உங்க தெருவுல சார்."

அருள்பிரகாசம் தண்ணீர் குடித்தார். "ஏத்திட்டா?"

"பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள போகும்."

சேதி கசிந்து, அன்று மாலையே அவர் தெருக்காரர்கள் சால்வையோடு வந்துவிட்டார்கள். "தலைமைப் பொறியாளர் தெருவே முங்கினா ஊர் சிரிக்காதா சார்?" என்றார் எதிர்வீட்டுக் கோமதிநாயகம். ஆஸ்பத்திரி என்று அருள்பிரகாசம் ஆரம்பித்ததும், "அதுக்கு மாடி இருக்குல்ல?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அருள்பிரகாசத்துக்குச் சுருக்கென்றது. போன வாரம்வரை அவரே சொல்லிவந்த வாக்கியம் அது.

மறுநாள் கணியனிடம் இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: தண்ணீர் எங்கே நின்றால் யாருக்கும் கேடில்லை? அவர் தெருவின் தாரையெல்லாம் பெயர்த்துத் தாழ்த்தினால் போதும், கீழே மணல், ஓர் இரவில் தண்ணீர் இறங்கிவிடும் என்றது பொறி.

ஒப்பந்தக்காரர் காசிலிங்கம் தலையைச் சொறிந்தார். "ஏத்துறதுன்னா கண்ணை மூடிட்டுச் செய்வேன். இறக்குற வேலைக்கு என்ன பேர் எழுதுறது சார்?"

"தெரு போடுதல்னே எழுதுய்யா."

வரைபடத்தில் சிவப்பு அப்படியே இருந்தது. அமைச்சர் வரவில்லை. ஐப்பசியில் மழைதான் வந்தது. அருள்பிரகாசத்தின் தெருவில் முழங்கால் ஆழத் தண்ணீர். "வந்து பாருங்கய்யா, எங்க பொறியாளர் கட்டின குளத்தை!" என்று மாடியிலிருந்து கத்தினார் கோமதிநாயகம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார் அருள்பிரகாசம். ஆஸ்பத்திரி வாசல் நனையவில்லை என்று ஷாகிதா தொலைபேசியில் சொன்னபோது, எத்தனையோ திறப்பு விழாக்களில் நின்றும் அறியாத பெருமிதம் அவரை நிறைத்தது. விடிவதற்குள் தண்ணீரை மணல் குடித்துவிட்டது.

கோடை வந்தது. நகரம் முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் வெறும் காற்றைக் கக்கின. அவர் தெருவில் மட்டும் தித்திப்பான தண்ணீர். கோமதிநாயகம் அதை விருந்தாளிகளுக்குக் கொடுத்து, "எங்க தெருத் தண்ணி" என்று மீசையை முறுக்கினார்.

ஒரே வாரத்தில் மாநகராட்சி வாசலில் கூட்டம். "எங்க தெருவையும் இறக்குங்க!"

அருள்பிரகாசம் நெகிழ்ந்துபோனார். ஊர் திருந்திவிட்டது! எல்லார் மனுவிலும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு சின்ன விஷயம் சார்," என்றார் மணிக்கூண்டுத் தெருத் தலைவர். "உங்க தெருவை விட ஒரு முழமாவது ஆழமா இருக்கணும். எங்களுக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அருள்பிரகாசம் பேனாவை மூடினார்.

"என் தெருவை விடவா?"