வெளியே வராத தண்ணீர்

தண்ணீர் உப்புக் கரித்தது.

றெஜி குவளையை உதட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். தெளிவாகத்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சுவருக்குப் பின்னால் இருந்த கம்பனி முற்றத்தில், றெஜி பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்க யப்பானிலிருந்து வந்திருந்த ஹைட்ரஜன் கார் வெள்ளையாக நின்றது. அதன் பின்புறக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைக் குவளையில் பிடித்து, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டியிருந்தான் கம்பனி மெக்கானிக் நப்ரீஸ்.

“எப்பிடி மச்சான்? இந்த ஊர்ல சைலன்சர்த் தண்ணி குடிச்ச மொத ஆள் நான்தான். ஊட்டுல சென்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

“உப்பா இருக்கு.”

“உப்பா? சப்பெண்டு ஈக்கி, பெட்டரிக்கு ஊத்துற தண்ணி மாதிரி. ஒங்கட நாக்குல ஏதோ பிழை.”

நப்ரீஸ் மிச்சத்தையும் வாங்கிக் குடித்துக் காட்டினான். முகம் மாறவில்லை. பிறகு பொனற்றைத் தட்டி, சுருக்கமாக விளங்கப்படுத்தினான். தாங்கியில் ஹைட்ரஜன். வெளியே இருந்து காற்றை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கரண்ட். மிச்சம் தண்ணீர். “ஓடுற வரைக்கும் தண்ணி வந்துட்டே இருக்கும். அது ரோட்டுல ஊத்திடும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல.”

றெஜி தலையாட்டினான். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் கல்கிசையில் குளித்துக்கொண்டிருந்த அவனுடைய மனைவி சாமினியைக் கடல் எடுத்தது. வெள்ளவத்தைப் பாறைகளில் திருப்பித் தந்தது. இடுப்பளவு தலைமயிரை வைத்து அடையாளம் காட்டியவன் அவன்தான். அன்றிலிருந்து கறியில் உப்புக் கூடியதும் குறைந்ததும் அவனுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த உப்பு அவனை உறுத்தியது.

கார் புறப்பட்டது அவனுக்கே தெரியவில்லை. சுவர் பின்னால் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். போன கிழமை கம்பனியின் மின்சாரக் காரை முதன்முதலாக ஓட்டியபோதும் இப்படித்தான். ஆனால் அது முழு ஊமை. உயிரில்லாத ஒன்றின் ஊமைத்தனம். அது அவனுக்குப் பிடித்திருந்தது, அதற்குள் எதையும் உணர வேண்டியிருக்கவில்லை. இது அப்படியல்ல. கோல் ரோட் எனும் காலி வீதியில், பஸ்களின் ஹோர்ன்களுக்கும் ஓட்டோக்களின் இரைச்சலுக்கும் நடுவே, மூடிய கண்ணாடிகளுக்குள், இருக்கைக்கு அடியில் எங்கோ மெல்லிய இழுப்பு ஒன்று எழுந்தது. மிதியை அமர்த்தினால் நீண்டது, விட்டால் அடங்கியது, சிக்னலில் நின்றபோது ஆழத்தில் ஒரு விழுங்கல். ரேடியோவைப் போட்டான். ரேடியோவுக்கு அடியிலும் அது கேட்டது. நெடுநேரம் நீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்த ஆள் வாயால் காற்றை வாங்குவது போல.

காற்றை இழுக்கும் அமுக்கிதான், என்று தனக்குத்தானே சொன்னான். அவன் பொறியியல் படித்தவன்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சாமினியின் அக்கா கொன்ஸ்ரன்ஸ் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் ஷெரோமி அங்கேதான் இருப்பாள். பின்னேரம் றெஜி வந்து கூட்டிக்கொண்டு போவான். ஐந்து வயது. கொன்ஸ்ரன்ஸ் குடையோடு கேற்றடிக்கு வந்தாள். மழை தொடங்கியிருந்தது.

“வந்தது தெரியேல்ல றெஜி. பேய் மாதிரிப் பின்னால வந்து நிக்குது உம்மட கார்.”

“சத்தம் வராதக்கா.”

“பெற்றோல் இல்லாட்டிப் பரவாயில்ல, ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம் யப்பான்காரன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, பிள்ளைக்குக் கேட்காமல் கதைத்தாள். “நான் கேட்டதை யோசிச்சீரா? இவள் இஞ்சயே இருக்கட்டும். சனி ஞாயிறு வந்து பாரும். நீர் சமைக்கிறதுமில்ல, கதைக்கிறதுமில்ல. பிள்ளை சுவரோடயா கதைக்கிறது?”

“இல்லையக்கா.”

“கோவத்தில சொல்லேல்ல...”

“என்னட்ட மிச்சம் அவள் மட்டும்தான். அவள் என்னோடதான்.”

இவ்வளவு நீளமாக அவன் கதைத்து நாளாகியிருந்தது. கொன்ஸ்ரன்ஸ் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். இடப்பக்கப் பின் இருக்கையில் ஷெரோமியை ஏற்றி, இருக்கைப் பட்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்து, கதவைச் சாத்தினான். அந்தக் கதவுகளைப் பிள்ளைகள் உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டு இருந்தது. நல்லது என்று நினைத்தான்.

காலி வீதிச் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு கையை நீட்டி மறித்தார். கண்ணாடியை இறக்கினான்.

“கோல் ரோட் வஹல, மல்லி. மரைன் டிரைவ் எகென் யன்ன.”

காலி வீதி மூடியிருந்தது. கடலோரத்தால்தான் போக வேண்டும். ஆனிக்குப் பிறகு அவன் கடலோரத்தால் போனதேயில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். திருப்பினான்.

இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கறுத்த பாறைகள், அதற்கப்பால் இன்னும் முழுதாக இருட்டாத, சாம்பலும் மஞ்சளுமான வானத்தின் கீழே கடல். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் போகும் வான் வண்டியின் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பார்த்தபடி ஓட்டினான். வண்டிகள் ஊர்ந்தன. காருக்குள் இருந்த புதுப் பிளாஸ்ரிக் மணம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது: காயாத துவாய், ஈரத் தலைமயிர், வெகு நேரம் மூடிவைத்த குளியலறை. இழுப்புச் சத்தம் இப்போது மிதிக்குக் கட்டுப்படவில்லை. கார் நின்றபோதும் இழுத்தது.

“டடி, கால் நனையுது.”

“மழைக்குள்ள வந்ததுதானே. சப்பாத்து நனைஞ்சிருக்கும்.”

“சப்பாத்துக்குள்ள இல்ல. வெளிய.”

கையைப் பின்னால் விட்டு விரிப்பைத் தடவினான். உலர்ந்திருந்தது. இன்னும் உள்ளே தள்ளினான். விரல் நுனி குளிர்ந்தது. கையை முன்னால் கொண்டுவந்தபோது மணிக்கட்டு வரை ஈரம்.

ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும். அப்படி நடப்பதுண்டு.

கண்ணாடிகளில் பனிமூட்டம் போலப் புகார் படிந்தது. துடைத்தான். துடைத்த இடம் உடனே மூடியது. மற்றக் கார்களின் கண்ணாடிகள் தெளிவாக இருந்தன. பின்னால் மகள் மெதுவாக ஏதோ கதைக்கத் தொடங்கியிருந்தாள். ரீச்சர். படம் கீறினது. சிவப்புக் கிறேயோன் உடைந்தது. வீட்டுக்கு வந்து அவனிடம் ஒருநாளும் சொல்லாத கதைகள். நடுவில் நிறுத்துவாள். காத்திருப்பாள். பிறகு தொடர்வாள்.

“ஆரோட கதைக்கிறாய்?”

கதை நிற்கவில்லை.

“ஷெரோமி.”

நீர் அளையும் சத்தம். யாரோ வாளிக்குள் காலை மெதுவாக ஆட்டுவது போல.

இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினான். மழைக்குள் இறங்கினான். கதவு காற்றில் அவனுக்குப் பின்னால் அடித்துச் சாத்தியது.

பழைய காரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அடங்கும். அந்த அமைதிதான் கார் நின்றுவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். இதில் அமைதி எப்போதும் இருந்தது. அவன் பொத்தானை அமர்த்தவில்லை. சாவி உள்ளே, கியருக்குப் பக்கத்துக் குழியில். கார் ஓடிக்கொண்டிருந்தது.

பின் கதவின் பிடியை இழுத்தான். வரவில்லை. முன் கதவு. அதுவும் இல்லை. சுற்றி ஓடினான். நான்கும் பூட்டியிருந்தன.

அப்போதுதான் பின்புறக் குழாயைப் பார்த்தான். காருக்கு அடியில் மழை படாத தார் வெளிறிக் கிடந்தது. குழாய் வாய் காய்ந்திருந்தது. ஒரு சொட்டில்லை. கையை வைத்தான். அது காற்றை வெளியே விடவில்லை. உள்ளே இழுத்தது.

ஓடும் வரைக்கும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அது வெளியே வரவில்லை.

இடப்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினான். புகாருக்குக் கீழே ஒரு கோடு. நேரான, அசையும் கோடு. பிள்ளையின் முழங்காலுக்கு மேலே. அது ஏறிக்கொண்டிருந்தது.

“ஷெரோமி! பட்டியைக் கழட்டு! சிவப்பு பட்டன், சிவப்பு!”

அவள் மறுபக்கம் திரும்பியிருந்தாள். பக்கத்து வெற்றிருக்கையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

தண்டவாளக் கரையிலிருந்து கல் எடுத்தான். அடித்தான். கண்ணாடி வெடிக்கவில்லை. கல் வழுக்கியது. மீண்டும். கை கிழிந்தது. வலித்தது. ஆனிக்குப் பிறகு முதன்முதலாக வலித்தது. ஓட்டோ ஒன்று வேகம் குறைத்து, ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“மொக்கத, அய்யே? யத்துர எத்துலேத?” சாவி உள்ளேயா என்று கேட்டார்.

“மகே துவ! வத்துர!” என் மகள், தண்ணீர்.

ஓட்டுநர் இறங்கிவந்து கண்ணாடிக்குள் பார்த்தார். றெஜி அவருடைய முகத்தைப் பார்த்தான். அவர் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு இன்னொரு அடி. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஓட்டோவுக்குள் ஏறிப் போய்விட்டார்.

மருதானைப் பக்கம் போகும் ரயில் வந்தது. வாசல்களில் தொங்கிய ஆட்கள் இவனைப் பார்த்தார்கள். இரைச்சலில் அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ரயில் போனது.

கோடு மேலே தெரியவில்லை. கோடே இல்லை. கூரை வரை தண்ணீர். புகார் கரைந்து கண்ணாடி பளிங்காகியிருந்தது, டாஷ்போர்டின் பச்சை வெளிச்சம் உள்ளே எங்கும் பரவியிருந்தது.

ஷெரோமி மூச்சுக்குத் திணறவில்லை. பட்டிக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தாள். கதைத்தாள். கையை ஆட்டிக் காட்டினாள். நிறுத்தினாள், கேட்டாள். சிரித்தாள். வாயிலிருந்து ஒரு குமிழிகூட எழவில்லை.

“மகள்.”

உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தான். இரத்தம் மழையில் வழிந்தது.

“மகள், டடி இஞ்ச.”

அவள் திரும்பவில்லை.

அவளுடைய தலைமயிர் தண்ணீரில் மெல்ல மேலே எழுந்தது. கழுத்தளவு மயிர், போன சனிக்கிழமை அவனே கூட்டிப் போய் வெட்டியது. அதைச் சுற்றிக்கொண்டு, வெற்றிருக்கையிலிருந்து எழுந்து, கண்ணாடி நெடுக விரிந்து, அவனுடைய உள்ளங்கைக்கு நேரே வந்து நின்று அசைந்தது இடுப்பளவு நீளமான இன்னொரு தலைமயிர்.