கெடாத கஞ்சி

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்குத் தாய்மார்கள் பால்நிலையத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு சொட்டுத் தாய்ப்பாலைப் பாலுணரியில் விடுவார்கள். பச்சை விளக்கு எரிந்தால் அன்று குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். சிவப்பு எரிந்தால் கூடாது. கருவியே ஒரு பொட்டலம் கஞ்சிமாவை வெளியே தள்ளும். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

குழாய்ப் பொறியாளர் நப்பின்னைக்கு மூன்று நாளாகச் சிவப்பு. மார்பில் பால் கட்டி வலித்தது. ஏழு மாத மகன் ஆதனோ பொட்டலக் கஞ்சியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டான். காரணம் எல்லோரும் அறிந்ததுதான். சாப்பாடு முழுவதும் பூமியிலிருந்து ஏழு மாதம் பயணப்பட்டு வந்தது. அது கெடாமலிருக்கச் சேர்த்த ‘கெடாப்பொருள்’ தாயின் உடம்பில் தங்கிப் பாலிலும் இறங்கியது.

நான்காம் நாளும் சிவப்பு எரிந்தபோது நப்பின்னைக்கு ஒரு யோசனை வந்தது. கைக்கு வந்த பொட்டலத்தை அங்கேயே பிரித்து, வெந்நீரில் கரைத்து, ஒரு சொட்டைப் பாலுணரியில் விட்டாள். விளக்கு சிவந்தது. அதோடு நிற்காமல், அதுவரை யாருமே கேட்டிராத ஒரு சங்கும் ஊதியது.

பால்நிலைய டாக்டர் அமலோற்பவம் ஓடிவந்து சங்கை நிறுத்தினார். இந்தக் கருவி தாய்ப்பாலுக்கு மட்டுமே என்றும், கஞ்சிமாவுக்குப் பூமியில் வேறு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார்.

“வரம்பு ரெண்டா இருக்கலாம் டாக்டர். குடிக்கிற குழந்தை ஒண்ணுதானே?” என்றாள் நப்பின்னை.

டாக்டர் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துத் தானே சோதித்துப் பார்த்தார். மறுபடியும் சங்கு ஊதியது. அன்றே நிர்வாகக் குழுவிடம் போய் நின்று, அலங்காரப் பூக்கள் வளர்த்த கண்ணாடிக் கூடத்தைத் தாய்மார்களுக்கு வாங்கிக் கொடுத்தார்.

பதினோரு தாய்மார்கள் சேர்ந்து கீரையும் கேழ்வரகும் விதைத்தார்கள். முதல் விதைப்பு முளைக்கவே இல்லை, தண்ணீரில் உப்பு. நப்பின்னை ஆதனை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வடிகட்டியோடு மல்லுக்கட்டினாள். இரண்டாம் விதைப்பு முளைத்தது. அதுவரை பால் வற்றிப் போகாதிருக்க அவள் தினமும் பீய்ச்சிக் கொட்டினாள்; ஆதன் வேறு வழியில்லாமல் பொட்டலக் கஞ்சியையே கொஞ்சம் விழுங்கினான். கீரை தட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் அவளுக்குப் பச்சை எரிந்தது. ஆதன் அன்று வயிறு முட்டக் குடித்துவிட்டு, பால் வடியும் வாயோடு அவள் மடியிலேயே தூங்கிப் போனான். அவளுக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை. கேழ்வரகு விளைந்ததும் கூடத்திலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். பதினோரு குழந்தைகளும் முகமெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிட்டன.

சேதி பூமிக்கு எட்டியது. அங்கிருந்த பெற்றோர் சங்கம் ஒன்று, ‘செவ்வாய்த் தூய கஞ்சி’ நாற்பதாயிரம் பொட்டலம் உடனே வேண்டும் என்று கேட்டது. ஏழு மாதப் பயணம், அதன்பின் கடையில் இரண்டு வருடம். அதற்கேற்ப ஏதாவது சேர்த்து அனுப்பும்படியும் பணிவோடு கேட்டுக்கொண்டது.

தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நப்பின்னை மட்டும் உட்கார்ந்து கரிசனத்தோடு ஒரு கடிதம் எழுதினாள். உங்களிடம் மண் இருக்கிறது, மழை இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. இதோ விதை, என்று ஒரு பெரிய உறை நிறையக் கேழ்வரகையும் சேர்த்து அடுத்த கலத்தில் அனுப்பி வைத்தாள்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது:

“உறை பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. எத்தனை நிமிடம் வெந்நீரில் போட வேண்டும் என்று மேலே அச்சிடவில்லையே?”