மஞ்சள் படிவு

சோதனைக் குழாயின் அடியில் மஞ்சளாக ஒரு கீற்று படிந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஜெயலக்ஷ்மியின் கையிலிருந்த குழாயில் மஞ்சள் விழுதாகத் திரண்டு நின்றது, பல மடங்கு அதிகமாக. மருந்தை மாற்றி மறுபடி செய்தாள். அதே விழுது.

"வர்ற வழியிலே குலுங்கி ரத்த அணு உடைஞ்சிருக்கும்," என்றார், பரிசோதனைக்கூடத்தை நடத்தும் டாக்டர் கஸ்தூரிரங்கன்.

"உடைஞ்சா சீரம் சிவந்திருக்கணுமே, சார். இது தெளிவா இருக்கு."

"அப்போ எடுத்து ரொம்ப நாழி அப்படியே வெச்சிருப்பா. இந்த அளவோட எந்த மனுஷனும் உட்கார்ந்து பேச முடியாது, இருதயம் நின்னுடும். நீயே போய்ப் புதுசா எடுத்துண்டு வந்துடு."

உட்கார்ந்து பேசுகிறார் என்றுதான் ரத்தத்தை எடுத்து வந்த கம்பவுண்டர் சொல்லியிருந்தார். ரத்தம் அடையாறு பக்கத்து அத்தர் வியாபாரி இனாயத்துடையது. விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னை காலியாகியிருந்த சித்திரை மாதம் அது. மயிலாப்பூரிலிருந்து ஜட்கா போன வழியெல்லாம் பூட்டிய கதவுகள். குதிரைக் குளம்பின் சத்தம் மட்டும் சுவர்களில் மோதி, பின்னால் இன்னொரு வண்டி வருவதுபோல் திரும்பி வந்தது. உயிர் இருக்கும்வரை அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். உயிர் போனதும் விட்டுவிடும். இந்த அளவை அவள் கல்லூரியில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். பிணவறையிலிருந்து வந்த ரத்தத்தில்.

கதவைத் திறந்த சகினா நிறைமாத கர்ப்பிணி. வீட்டு ஜன்னல்களில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் பிற்பகலிலேயே உள்ளே இருட்டு. ரோஜா அத்தரும் சந்தனமும் மூச்சை அடைத்தன. அவற்றுக்கு அடியில், பல நாள் மாற்றாத பூஜாடித் தண்ணீரின் வாடை.

"அவருக்கு ஒண்ணும் இல்லதானேம்மா?" சகினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சோறு தண்ணி வேணாங்கறாரு. தூங்கறதும் இல்ல. ஆனா நல்லாத்தான் பேசிக்கினு கீறாரு."

"காய்ச்சல் எப்போ விட்டது?"

சகினா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு மௌத்துன்னு சொல்லி எல்லாரும் அழுதாங்க. எனக்கு வேற யாரும்மா கீறாங்க? காதுகிட்ட போயி கூப்ட்டேன். கூப்ட்டுகினே இருந்தேன். கண்ணத் தொறந்துட்டாரு."

உள்ளறையில் இனாயத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்காமலே கையை நீட்டினார். கை குளிர்ந்திருந்தது. ஜெயலக்ஷ்மி நாடியைத் தேடினாள். மணிக்கட்டில் இல்லை. முழங்கையில் இல்லை. ஊசியைச் செருகினாள். ரத்தம் தானாக வரவில்லை, இழுக்க வேண்டியிருந்தது. கறுப்பாக, மெதுவாக வந்தது.

"என்னம்மா, நாடி கெடைக்கலியா?" என்றார் அன்பாக.

பேசுவதற்கு முன்னால் மட்டும் அவர் மூச்சு இழுத்தார். பேசி முடித்ததும் மார்பு அசையவில்லை. அவள் காத்திருந்தாள். அசையவே இல்லை.

வாசற்படியில் சகினா வயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள். "நல்லாயிட்டாருன்னு சொல்லுங்கம்மா."

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

காதோரம் எறும்புகள் சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் விலகியது. கன்னத்தில் ஏறியது. இமையோரம் நின்றது. திறந்திருந்த கண்ணின் வெள்ளையில் இறங்கி, கருமணியைக் கடந்து நடந்தது.

இனாயத் இமைக்கவில்லை. அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.