போயிட்டு வாரோம்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில், சேக் மைதீன் வீட்டு வாசலில் மெர்வின் வண்டியை நிறுத்தியபோது சாயங்கால வெயில் இன்னும் சுவரில் மிச்சமிருந்தது. அவன் மனைவி எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

“படி செங்குத்தா இருக்கும் தங்கச்சி. சுவத்தப் பிடிச்சு ஏறு,” என்றபடி வீட்டுக்காரரின் மனைவி ஜெயினம்பு முன்னால் போனாள்.

மாடி வீடு வெளிச்சமாக இருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் யானைமலை. எஸ்தர் படுக்கையறைக்குள் போய் மேலே பார்த்தாள். தொட்டில் கட்ட ஒரு கொக்கி இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கே.கே. நகர் வீட்டை அவர்கள் காலி செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெர்வினின் நண்பன் ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறையில் சாமான்களுக்கு நடுவே படுத்து எழுந்தார்கள். அவனும் இந்த வாரத்தோடு அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டான். பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம் சரி என்பார்கள். பழைய வீட்டுக்காரர் சிவபாண்டிக்கு போன் போட்டுப் பேசிவிட்டு, காலையில் இல்லை என்பார்கள். ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சிவபாண்டி கீழ்ப்போர்ஷனில் தனியாக இருந்தவர். ஆணி அடித்தால் சண்டை, குழாய் சொட்டினால் சண்டை. காலி செய்கிறோம் என்று சொன்ன நாளிலிருந்து முகத்திலேயே விழிக்கவில்லை. லாரியில் சாமான் ஏற்றிய அன்றும் அவர் கதவு அடைத்தே கிடந்தது. வாசலில் ஒரு கெட்ட வாடை.

“எலி செத்திருக்கும். ஏறு, போவோம்,” என்றான் மெர்வின்.

எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் நின்று, “அய்யா, சாவி ஜன்னல்ல இருக்கு. போயிட்டு வாரோம்,” என்றாள்.

“அந்த ஆளுக்கு இதெல்லாம் ஒரு கேடா?”

“சொன்னா வாய் தேஞ்சா போகும்?”

அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். யாரிடமும் முகம் திருப்பிக்கொண்டு போகக்கூடாது. ஒரு நல்ல சொல் எங்கே போட்டாலும் முளைக்கும் என்று அவள் மனதார நம்பினாள்.

இப்போது சேக் மைதீன் கேட்டார். “தப்பா நெனைக்காதீக தம்பி. பழைய ஓனர் நம்பரைக் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

மெர்வின் எஸ்தரைப் பார்த்தான். “பாய், அவரு எங்களப் பத்தி நல்லதா சொல்லமாட்டாரு.”

“எந்த ஓனர் நல்லது சொல்லிருக்காரு? என்னப் பத்தி எங்கூட்டுக்காரிகிட்ட கேட்டுப் பாருங்க. அவளும் சொல்லமாட்டா.”

சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டார். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்ததும் பேச்சில்லை. சுவாசம் மாதிரி ஏதோ ஒன்று.

“சார், எஸ்தர் டீச்சர்னு உங்க வீட்ல குடியிருந்தாங்களே…”

“குடியிருந்தாங்க இல்ல. இருக்காங்க.”

“காலி பண்ணிட்டதா…”

“யாரு காலி பண்ணா?” குரல் மெதுவாக, பொறுமையாக வந்தது. “வாரோம்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கு அந்தப் பிள்ளை. வரும். நீங்க வீடு குடுக்காதீங்க.”

பின்னணியில் ஒரு கதவு கிறீச்சிட்டது. அடியில் தட்டி, தரையில் இழுபட்டு, பாதியில் நின்றது.

எஸ்தர் கணவனின் கையைப் பிடித்தாள். “அது நம்ம அடுப்படிக் கதவு. அவரு நம்ம போர்ஷனுக்குள்ள நிக்கிறாரு.”

சேக் மைதீன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஜெயினம்பு கையை வீசினாள். “பெருசுக்குத் தனியா இருந்து கிறுக்குப் பிடிச்சிருச்சு. அதுக்காக வாயும் வயிறுமா நிக்கிற பிள்ளைய ரோட்ல விடுறதா? நாளைக்கே வந்து பால் காய்ச்சு தங்கச்சி.”

மறுநாள் காலை எஸ்தரை மாடி வீட்டைக் கூட்டிப் பெருக்க விட்டுவிட்டு, மெர்வின் கே.கே. நகருக்குப் போனான். அந்த மனுஷனிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று.

கீழ்ப்போர்ஷன் கதவில் பூட்டு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் பிளந்து, புதிதாகத் தகரம் அடித்திருந்தது.

பக்கத்து வீட்டு மீனா எட்டிப் பார்த்தாள். “இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? ஒரு மாலை போடக்கூட வரலையேன்னு தெருவே பேசுச்சு.”

“யாருக்கு மாலை?”

“நல்லா கேட்டீங்க. நீங்க போன மறுநாளு வாடை தாங்காம போலீஸ் வந்து கதவ உடைச்சாக. செத்து மூணு நாளாச்சுன்னாக. நீங்க சாமான் ஏத்துறப்பல்லாம் மனுஷன் உள்ளதான் கிடந்திருக்காரு.”

மெர்வின் பூட்டைத் திரும்பிப் பார்த்தான். “நேத்து போன்ல பேசினாரே…”

மீனா உள்ளே போய் ஒரு போனை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். சில்லு சில்லாக உடைந்த கண்ணாடி. “அவரு தம்பி மகன் வாங்கிட்டுப் போவான்னு வச்சிருக்கேன். சிம்மு கூட இல்ல இதுல.”

பிறகு எதையோ யோசித்து, குரலைத் தணித்தாள்.

“போறப்ப ஒண்ணும் சொல்லிக்கலல்ல?”

“எஸ்தர் கதவுகிட்ட நின்னு, போயிட்டு வாரோம்னு சொல்லிட்டு வந்தா.”

“துக்க வீட்ல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா அண்ணே?”

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வண்டியை விரட்டியது அவனுக்கே நினைவில்லை. ஒத்தக்கடை வீட்டு வாசலில் ஜெயினம்பு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, எஸ்தர் எங்க?”

“மேலதான். ஏன் தம்பி இப்புடி வேர்த்துப் போய் நிக்கிறீக? நல்ல சேதி. அந்தப் பெரியவரு காலையில அவரா கூப்பிட்டாக. எதுக்கு மனஸ்தாபம், வீட்டுக்கு வாங்கண்ணே, ஒரு வாய் டீ குடிச்சுட்டு பிள்ளைய வாழ்த்திட்டுப் போங்கன்னேன்.”

“வந்தாரா?”

“வந்தாகளே. டீயத் தொடல, அது ஆறி ஏடு கட்டிப் போச்சு. மேல போய்ப் பேசிட்டு, இப்பத்தான் இறங்குனாக.” மூக்கைச் சுளித்தாள். “அவுக போனதுலருந்து ஒரு வாடை. எங்கயாச்சும் எலி கிலி செத்துக் கிடக்கா பாருங்க.”

மெர்வின் படி ஏறினான்.

பட்டப்பகலிலும் படிக்கட்டு இருட்டாக இருந்தது. பிடித்த சுவர் ஈரமாக இருந்தது.

வாடை மேலே போகப் போகக் கூடியது.

எஸ்தர் படுக்கையறையில், கொக்கிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிம்மதி.

“எல்லாம் சரியாயிருச்சுங்க. சிவபாண்டி அய்யா வந்தாரு. பழைய கோபம் ஒண்ணுமில்ல. இனிமே யாருகிட்டயும் நம்மளக் குறை சொல்லமாட்டாராம். நீங்க ரெண்டு பேரும் இங்கயே நல்லா இருங்கன்னாரு.”

“வேற என்ன சொன்னாரு?”

“பாவங்க. தனியா இருக்க முடியலையாம். சின்னத மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன்னு வயித்தப் பாத்துக் கேட்டாரு. பெரியவங்க விளையாட்டுக்குக் கேக்குறதுதானே.” அவள் சிரித்தாள். “கூட்டிட்டுப் போங்கய்யான்னேன்.”

சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்தாள். இங்கே வைத்துப் பார்த்தாள். அங்கே வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க…”

கீழே சேக் மைதீன் அலறிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். ஜெயினம்பு வழியெல்லாம் எஸ்தரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு துஆ ஓதினாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையை அவர்கள் பார்க்க முடியாதபடி திருப்பி வைத்தார்.

வராந்தாவில் மெர்வினின் போன் அடித்தது. காலையில்தான் நம்பர் வாங்கிக்கொண்ட மீனா.

“அண்ணே, உங்க பழைய போர்ஷன் சாவி இன்னும் உங்ககிட்டயா இருக்கு?” அவள் குரல் எரிச்சலாக இருந்தது. “பூட்டுன வீட்டுக்குள்ள யாரு பச்சப்பிள்ளையப் போட்டுட்டுப் போனது? நீங்க போன கொஞ்ச நேரத்துல இருந்து ஒரே அழுகை.”

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

“இருங்க,” என்றாள் மீனா. “இப்ப யாரோ தூக்கிட்டாக போல. நிறுத்திருச்சு.”